தோளில் வைத்த சிராய்: புண்படுதலைச் சொல்லும் ஆங்கிலத் தொடருக்கு எந்த இணைய அகராதி கைகொடுக்கும்?

ஆங்கிலத்தில் ‘ஹேவ் எ சிப் ஆன் யுவர் ஷோல்டர்’ என்றொரு மரபுத்தொடர் உண்டு; சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘தோளில் ஒரு சிராய் வைத்திருத்தல்’. பழைய குறை ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் புண்பட்டுப்போகவும் சண்டைக்கு நிற்கவும் தயாராக இருப்பவரைப் பற்றிச் சொல்வது. அதிலுள்ள சொற்களெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்தில் வருபவைதான். ஆனாலும் ‘சிப்’, ‘ஷோல்டர்’ இரண்டுக்கும் தனித்தனியே பொருள் தெரிந்தவருக்கும் தொடரின் பொருள் பிடிபடாது. இணைய அகராதிகளை எடைபோட இது ஏற்ற தொடர். பொருளைச் சொல்வதோடு அகராதியின் வேலை முடிவதில்லை. வாக்கியத்தில் அதை எப்படிக் கட்டுவது, பின்னால் எந்தப் பிரிப்பொசிஷன் வரும், யாரிடம் சொல்லலாம், அமெரிக்கர் சொன்னால் என்ன சாயல், பிரிட்டிஷார் சொன்னால் என்ன சாயல் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கற்பவருக்கு உதவும்.

காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய ஐந்து அகராதிகள் இங்கே எடைபோடப்படுகின்றன: கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபர்டு லேர்னர்ஸ், லாங்மன், காலின்ஸ், மெரியம்-வெப்ஸ்டர். சொல்பிறப்புக்கு எடிம்ஆன்லைன். தமிழ்ப் பொருளுக்கு என்ன வழி என்பது கடைசியில் வருகிறது. அங்கேதான் உண்மையான சிக்கலும் இருக்கிறது.

முதலில் தேடுவது எப்படி என்று பார்த்துவிடலாம், பலர் அந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். கதையிலோ செய்தியிலோ ‘ஹிஸ் ஷோல்டர்’ என்றோ ‘ஹெர் ஷோல்டர்’ என்றோ இருக்கும். அதை அப்படியே தேடுபெட்டியில் போட்டால் எல்லாத் தளங்களும் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோகும் என்று நம்ப முடியாது. கற்பவர்களுக்கான பிரிட்டிஷ் அகராதிகள் இத்தொடரை ‘யுவர் ஷோல்டர்’ என்று பதிகின்றன. மெரியம்-வெப்ஸ்டர் ‘ஒன்ஸ் ஷோல்டர்’ என்று பதிகிறது. ஆகவே ‘ஹிஸ்’ஸை எடுத்துவிட்டு இவற்றில் ஒன்றைப் போட்டுத் தேட வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் ‘சிப்’ என்ற பெயர்ச்சொல்லின் பக்கத்தைத் திறந்து கீழே போக வேண்டும். ‘ஷோல்டர்’ பக்கத்தில் தொடங்குவது நேர விரயம். மரபுத்தொடரை அதன் முதல் முக்கியச் சொல்லின் கீழ் வைப்பதுதான் ஆக்ஸ்ஃபர்டு போன்றவற்றின் வழக்கம். மற்றச் சொல்லின் பக்கத்தில் இருந்தால் வழிகாட்டும் சுட்டி மட்டும் இருக்கும். ‘சிப்’ பக்கம் நீளமானது. வறுவல், கணினிச் சில்லு, சூதாட்ட வில்லை, பாத்திர விளிம்பில் விழும் சிறு உடைசல், மரச்சிராய் என்று வரிசையாகப் பொருள்கள் வந்து முடிந்த பிறகுதான் ‘இடியம்ஸ்’ பகுதி தொடங்கும். முதல் மூன்று பொருளைப் பார்த்துவிட்டு ‘இதில் இல்லை’ என்று மூடிவிடக் கூடாது.

அந்தப் பகுதிக்குள் நுழைந்ததும் இன்னொரு எச்சரிக்கை. ‘சிப்’பை வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தொடர்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ‘சிப் ஆஃப் தி ஓல்டு பிளாக்’ என்றால் அப்பனை உரித்து வைத்த பிள்ளை. ‘வென் த சிப்ஸ் ஆர் டவுன்’ என்றால் நெருக்கடி முற்றி உண்மை தெரியும் நேரம். சூதாட்ட வில்லையிலிருந்து வந்தது. அவசரத்தில் வரி மாறிப் படித்துவிடுவது எளிது.

இனி ஐந்து அகராதிகளும் பொருளை எப்படிச் சொல்கின்றன என்பது. ஒன்றுக்கொன்று நகல் எடுத்தாற்போல இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இந்த வேறுபாடுகளைத்தான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ் சொல்வதன் சாரம்: தனக்கு அநீதி நடந்துவிட்டது என்றோ மற்றவர்களைவிடத் தான் தாழ்ந்தவர் என்றோ நினைப்பதால் எப்போதும் கோபமாக இருப்பதுபோலத் தோன்றுதல். இங்கே அழுத்தம் ‘எப்போதும் கோபம்’ என்பதில் விழுகிறது. படித்ததும் புரியும், எளிய ஆங்கிலம். ஆனால் ‘புண்படுதல்’ என்ற சாயல் இந்த விளக்கத்தில் பின்னால் போய்விடுகிறது. சிடுமூஞ்சியாக இருப்பவர் எல்லாரையும் இந்தத் தொடரால் சுட்டலாமோ என்று கற்பவர் நினைக்க இடமுண்டு. சுட்டக் கூடாது. காரணமில்லாத சிடுசிடுப்புக்கு இது பொருந்தாது. ‘எனக்கு அநியாயம் நடந்தது’ என்ற எண்ணம் அடியில் இருந்தே ஆக வேண்டும்.

ஆக்ஸ்ஃபர்டு லேர்னர்ஸ் அந்த இடத்தைச் சரியாகப் பிடிக்கிறது. முன்பு நடந்த ஏதோ ஒன்றைப் பற்றித் தொட்டால்சிணுங்கியாக இருத்தல்; தன்னை அநியாயமாக நடத்திவிட்டார்கள் என்ற எண்ணத்தால் அந்தப் பேச்சு எடுபட்டாலே சட்டென்று புண்பட்டுப்போதல். பழைய சம்பவம், அநீதி என்ற எண்ணம், பேச்சு எழுந்தால் வலி என மூன்று கண்ணிகளும் கோவையாக வருகின்றன. பேச்சுவழக்குக்கு உரியது என்ற குறிப்பும், ‘எபவுட் சம்திங்’ என்ற அமைப்பும் தலைப்பிலேயே இருக்கின்றன. எதைப் பற்றிய குறை என்பதை இணைக்க ‘எபவுட்’ வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். எழுதப்போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஏ. எஸ். ஹார்ன்பி தொகுத்து 1942-இல் ஜப்பானில் முதலில் அச்சான அகராதியின் வழித்தோன்றல் இது. பிற மொழிக்காரர் ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கே தடுக்கும் என்பதை நினைத்தே கட்டப்பட்டது. அந்த அக்கறை இன்றும் அமைப்புக் குறிப்புகளில் தெரிகிறது.

லாங்மன் சுருக்கமானது: முன்பு தனக்கு அநியாயம் நடந்ததாக நினைப்பதால் எளிதில் புண்படுவது அல்லது கோபப்படுவது. 1978-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கங்களையும் எழுதுவது லாங்மனின் கொள்கை. அதன் பலன் இங்கே கண்கூடு. விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதியைத் திறக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் இன்னும் கைவராதவருக்கு ஐந்தில் இதைத்தான் முதலில் பரிந்துரைக்க வேண்டும்.

காலின்ஸ் தளத்தில் பல அகராதிகள் ஒரே பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும். மேலே இருப்பது கோபில்டு. ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1987-இல் வெளிவந்த அகராதி அது. பொருளைத் துண்டாகத் தராமல் முழு வாக்கியமாகத் தருவது அதன் தனித்தன்மை. ‘ஒருவரை இப்படிச் சொன்னால், அவர் தம்மைத் தாழ்வாக நினைக்கிறார் அல்லது தமக்கு அநீதி நடந்ததாக நம்புகிறார் என்று நீங்கள் கருதுகிறீர்கள்’ என்ற பாணியில் விளக்கம் போகும். ‘என்று நீங்கள் கருதுகிறீர்கள்’ என்ற பகுதியைக் கவனியுங்கள். அநீதி நடந்ததா இல்லையா என்பதைப் பற்றி இந்தத் தொடர் எதுவும் சொல்வதில்லை. பேசுகிறவரின் தீர்ப்பு மட்டுமே அதில் இருக்கிறது. மற்ற அகராதிகள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன, அல்லது படிப்பவர் ஊகிக்கட்டும் என்று விடுகின்றன. கோபில்டின் வாக்கிய முறை நீளமாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. இந்தத் தொடரைப் பொறுத்தவரை அந்த நீளம் வீணாகவில்லை.

அதே பக்கத்தில் கீழே போனால் காலின்ஸின் பிரிட்டிஷ் ஆங்கில அகராதி இருக்கும். ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் ஆக்ரோஷமாகப் புண்படுதல், அல்லது வஞ்சம் வைத்திருத்தல் என்று அது சொல்கிறது. ‘வஞ்சம்’ சற்று மிகை. வஞ்சம் வைப்பவருக்கு எதிராளி இன்னார் என்று தெரியும். தோளில் சிராய் வைத்திருப்பவருக்கு எதிரில் வருகிறவர் எல்லாருமே எதிராளிதான்.

மெரியம்-வெப்ஸ்டரில் ‘சிப்’பின் கீழ் வரும் விளக்கம் மிகக் குறைவான சொற்களில் முடிந்துவிடும்: சவால் விடும் அல்லது சண்டைக்கு நிற்கும் மனப்பாங்கு. பழைய காயம், தாழ்வு மனப்பான்மை எதுவும் அந்த விளக்கத்தில் கிடையாது. இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. இது அமெரிக்க அகராதி; அமெரிக்காவில் தொடர் பிறந்தபோது இருந்த பொருளோடு அது நெருக்கமாக நிற்கிறது. கற்பவர்களுக்கென்று அதே நிறுவனத்தார் தொகுத்து, பிரிட்டானிக்கா அகராதித் தளத்தில் இருக்கும் பதிப்பில், முன்பு அநியாயமாக நடத்தப்பட்டோம் என்ற எண்ணத்தால் வரும் கோபமான நடத்தை என்ற முழு விளக்கம் உண்டு. மெரியம்-வெப்ஸ்டரில் பார்ப்பவர்கள் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிப் பொருள்தான் கையில் நிற்கும்.

இந்தப் பாதிக்கும் மறு பாதிக்கும் உள்ள இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் எடிம்ஆன்லைன். சொல்வரலாறு ஒன்றையே நோக்கமாகக் கொண்ட இந்தத் தளம், 1830 மே மாதத்தில் நியூயார்க் மாநிலத்து ஹெம்ப்ஸ்டெட்டில் வெளியான ‘லாங் ஐலண்டு டெலிகிராஃப்’ இதழின் வரி ஒன்றை எடுத்துத் தருகிறது. முரட்டுப் பையன்கள் இருவர் சண்டை போடுவது என்று முடிவு செய்துவிட்டால், ஒருவன் தோளில் மரச்சிராய் ஒன்றை வைப்பார்களாம். ‘தைரியம் இருந்தால் தட்டிவிடு பார்க்கலாம்’ என்பது அடுத்தவனுக்கு விடும் சவால். தட்டிவிட்டால் சண்டை தொடங்கும். ஆக, சிராய் முதலில் வெறும் சவால். வம்பை வரவழைக்கும் பொறி. அதைத் தோளிலேயே நிரந்தரமாக வைத்துக்கொண்டு திரிகிறவர் யார்? யாராவது உரச மாட்டார்களா, புண்பட ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருப்பவர். அங்கிருந்து ‘எதற்குப் புண்படுகிறார்’ என்ற கேள்வி எழுந்து, பழைய குறை, தாழ்வுணர்வு என்ற பொருள்கள் வந்து ஒட்டிக்கொண்டன. பிரிட்டிஷ் அகராதிகள் அந்தப் பிற்பாதியை முன்னே வைக்கின்றன. மெரியம்-வெப்ஸ்டரின் சுருக்க விளக்கம் முற்பாதியோடு நிற்கிறது.

இணையத்தில் வேறொரு பிறப்புக் கதையும் உலவுகிறது. 18-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசக் கப்பல் தளங்களில் தச்சர்கள் மிச்சமான மரத்துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போகும் உரிமை பெற்றிருந்தார்கள், எவ்வளவு எடுக்கலாம் என்பதில் தகராறு வந்தது, தோளில் சுமந்துபோனார்கள், அதிலிருந்து பிறந்ததே இத்தொடர் என்பார்கள். தச்சர்களின் உரிமையும் தகராறும் உண்மைதான். ஆனால் அங்கே ‘சிப்’ என்பது விறகுச் சுமை. புண்படும் குணத்தோடு அதை இணைக்கும் கண்ணி எதுவும் இல்லை. அமெரிக்கப் பையன்களின் சான்றில் பொருளும் படமும் ஒன்றாகவே வருகின்றன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 1830-ஐத் தயங்காமல் எடுக்கலாம்.

அமெரிக்கப் பொருள் சவாலோடு நெருங்கி நிற்பதால்தான் அங்கே விளையாட்டுச் செய்திகளில் இத்தொடர் பாராட்டாகவே வருகிறது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் டாம் பிரேடி, அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் 2000-ஆம் ஆண்டுப் புதிய ஆட்டக்காரர் தேர்வில் ஆறாம் சுற்றில் 199-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அவருக்கு முன்னால் 198 பேரை எடுத்துவிட்டார்கள். அப்படிப் பின்தள்ளப்பட்டவர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ‘காட்டுகிறேன் பார்’ என்று ஆடுவதை ‘பிளேயிங் வித் எ சிப் ஆன் ஹிஸ் ஷோல்டர்’ என்பார்கள். இங்கே கோபம் குறையாகாது, எரிபொருள். பயிற்சியாளர்கள் இப்படிப்பட்ட ஆட்டக்காரரைத் தேடிப்போவதாகவே சொல்வார்கள். இதையே கேம்பிரிட்ஜ் விளக்கத்தை வைத்துக்கொண்டு படித்தால், ஆட்டக்காரரைத் திட்டுகிறார்கள் என்று தலைகீழாகப் புரியும். ‘ஹேவ்’ என்ற வினைக்குப் பதில் ‘பிளே வித்’ வருவதும், சுற்றிலும் உழைப்பு, வெற்றி, நிரூபித்தல் பற்றிய பேச்சு இருப்பதும் அடையாளம். கற்பவர்களுக்கான பிரிட்டிஷ் அகராதிகள் இந்தப் பொருளைத் தனியே பிரித்துக் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

வாக்கியத்தில் கட்டுவது பற்றி. வினை ‘ஹேவ்’, பேச்சில் ‘ஹேவ் காட்’. அமெரிக்க வழக்கில் ‘கேரி’யும் வரும். ‘இஸ் ஹேவிங் எ சிப்’ என்று எழுதினால் தவறு. தமிழில் ‘வைத்துக்கொண்டிருக்கிறார்’ என்று ஓடுவதை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோகும்போது வரும் பிழை இது. இங்கே ‘ஹேவ்’ நிலையைக் குறிக்கிறது, ஆகவே ‘ஹேஸ்’ அல்லது ‘ஹேட்’ மட்டும்தான். ‘எ’ விடக் கூடாது. சிப் ஒருமையிலேயே நிற்கும். பல பேரைப் பற்றிச் சொன்னாலும் ‘தே ஹேவ் எ சிப் ஆன் தேர் ஷோல்டர்’ என்பது வழக்கம், ‘தேர் ஷோல்டர்ஸ்’ என்பதும் காணப்படுகிறது. ‘இரண்டு தோளிலும் சிராய்’ என்று ஆங்கிலேயர் சொன்னால் அது வேண்டுமென்றே செய்த கேலி: இரு பக்கமும் பாரம் இருப்பதால் ஆள் ‘சமநிலை’யானவர் என்று குத்துவது. காரணத்தைச் சொல்ல ‘எபவுட்’. ‘ஃபார்’, ‘ஆன்’, ‘பிகாஸ் ஆஃப்’ எதுவும் நேராக ஒட்டாது. ‘எபவுட்’டுக்குப் பின் பெயர்ச்சொல்லோ ‘ஐஎன்ஜி’ வடிவமோ வரும்: ‘எபவுட் ஹிஸ் பேக்ரவுண்டு’, ‘எபவுட் நாட் கோயிங் டு காலேஜ்’. அளவைக் கூட்டவும் குறைக்கவும் ‘எ பிட் ஆஃப் எ சிப்’, ‘எ ஹியூஜ் சிப்’ என்று சொல்லலாம்.

யாரிடம் சொல்வது என்ற இடத்தில்தான் ஐந்து அகராதிகளும் குறைப்படுகின்றன. பேச்சுவழக்குச் சொல் என்ற குறிப்போடு நிற்கும்போது, அலுவலக நண்பரிடம் சும்மா சொல்லிவைக்கலாம் என்று தோன்றிவிடும். எதிரில் இருப்பவரைப் பார்த்து இதைச் சொல்வது கடுமையான குற்றச்சாட்டு. அவர் சொல்லும் குறையைக் கேட்காமலே, ‘உன் குறை உன் மனத்தில்தான் இருக்கிறது’ என்று தள்ளிவிடுவதற்குச் சமம். சாதி, நிறம், வர்க்கம், பாலினம் சார்ந்து உண்மையாகவே ஒதுக்கப்பட்டவர் வாய்திறக்கும்போது, அவர் வாயை அடைக்க இந்தத் தொடர் மிக எளிதாகக் கைக்கு வரும். அப்படிப் பயன்படுத்துவது நியாயமில்லை. பணியாளர் மதிப்பீட்டிலோ பரிந்துரைக் கடிதத்திலோ இதை எழுதவே கூடாது. மூன்றாமவரைப் பற்றிப் பேசும்போதும் என்ன நடந்தது என்று தெரிந்த பிறகே எடுக்க வேண்டும். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டால் மட்டும் இது மென்மையாகிவிடும்: ‘அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆற்றாமை உண்டு’ என்ற ஒப்புதலாகக் கேட்கும்.

இரண்டாவது சோதனைக்கு ‘டேக் அம்ப்ரேஜ்’. இதுவும் புண்படுதல்தான். ஆனால் குணத்தைச் சொல்லாது. ஒருமுறை நடந்த செயலைச் சொல்லும். யாரோ எதையோ சொன்னார், கேட்டவர் மதிப்புக் குறைந்ததாக எண்ணி முறுக்கிக்கொண்டார். இதில் ஆக்ஸ்ஃபர்டு லேர்னர்ஸ் மற்றவற்றை ஒரு படி முந்துகிறது: முறையான நடை அல்லது வேடிக்கை நடை என்று குறிப்புப் போட்டு, பல நேரம் தகுந்த காரணமில்லாமல் புண்படுவது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. நண்பரிடம் உண்மையான வருத்தத்தைச் சொல்ல இந்தச் சொல்லை எடுத்தால் விறைப்பாகவோ விளையாட்டாகவோ ஒலிக்கும் என்பது அந்தக் குறிப்பிலிருந்து தெரியும். மெரியம்-வெப்ஸ்டரும் இங்கே நன்றாகச் செய்கிறது. ‘அடிக்கடி கற்பனையான’ அவமதிப்பு என்ற சாயலை விளக்கத்திலேயே வைத்திருக்கிறது. லத்தீனில் நிழலைக் குறிக்கும் ‘உம்ப்ரா’விலிருந்து வந்த சொல் இது. ‘அம்ப்ரெல்லா’வும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நிழலிலிருந்து ஐயத்துக்கும், ஐயத்திலிருந்து மனத்தாங்கலுக்கும் பொருள் நகர்ந்திருக்கிறது. பின்னால் வரும் பிரிப்பொசிஷன் ‘அட்’.

உச்சரிப்புக்கு ஒலிப்பொத்தானை அழுத்தியே ஆக வேண்டும். எழுத்தைப் பார்த்து ‘அம்ப்ரேஜ்’ என்று நீட்டுகிறோம், ஒலி ‘அம்ப்ரிஜ்’. முதல் அசையில் அழுத்தம், கடைசி அசை குறுகிவிடும். பிரிட்டிஷ், அமெரிக்க ஒலிகளைத் தனித்தனிப் பொத்தான்களாகக் கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்ஃபர்டும் தருவது வசதி.

இதே குடும்பத்து மற்றத் தொடர்களில் பிரிப்பொசிஷன்தான் காலை வாரும். ‘டேக் அஃபென்ஸ்’ஸுக்கு ‘அட்’. ‘டேக் எக்ஸெப்ஷன்’னுக்கு ‘டு’. இதில் வலியைவிட ஆட்சேபம் அதிகம், கூட்டங்களில் எழுந்து மறுப்பவர் சொல்வது. ‘அஃபென்ஸ்’ஸை பிரிட்டனில் ‘சி’ எழுத்தோடும் அமெரிக்காவில் ‘எஸ்’ எழுத்தோடும் எழுதுவார்கள்; ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்கக் கூடாது. ‘நோ அஃபென்ஸ், பட்’ என்று தொடங்கினால் அடுத்து வருவது நிச்சயம் குத்தும் என்று எல்லாருக்கும் தெரியும். அதைத் தவிர்க்க முடிந்தால் நல்லது.

தமிழ்ப் பொருள். அ. சிதம்பரநாதன் செட்டியாரை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960-களில் வந்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ் அகராதி இன்றும் பெரிய துணை; அதன் சொல்வளத்துக்கு ஈடு குறைவு. ஆனால் ஒரு சொல்லுக்கு நேராகப் பொருள்களை அடுக்கித் தரும் அமைப்பு அது. எந்த வாக்கியத்தில் எந்தப் பொருள் பொருந்தும், நடை எப்படிப்பட்டது என்பதைக் காட்டும் வேலையை அது மேற்கொள்ளவில்லை. இயந்திர மொழிபெயர்ப்போ, முன்பின் வாக்கியம் இல்லாமல் தொடரை மட்டும் கொடுத்தால் தோளையும் சில்லையும் அப்படியே தூக்கி வைத்துவிடும் அபாயம் உண்டு. பத்தி முழுவதையும் கொடுத்தால் தேறும் வாய்ப்பு அதிகம். அப்போதும் வந்ததைச் சரிபார்க்காமல் விடக் கூடாது.

சரியான வழி, கற்பவர் அகராதி ஒன்றில் பொருளின் கண்ணிகளைப் பிரித்துக்கொண்டு, எந்தக் கண்ணி இந்த வாக்கியத்தில் மேலோங்குகிறது என்று பார்த்துத் தமிழைத் தேடுவது. எளிதில் புண்படும் குணம் மேலோங்கினால் ‘தொட்டால்சிணுங்கி’, ‘முணுக்கென்றால் கோபம் வரும்’. சண்டைக்கு நிற்கும் தோரணை என்றால் ‘எப்போதும் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறார்’. பழைய குறை என்றால் ‘அதை இன்னும் மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார்’, ‘உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருக்கிறார்’. கல்லூரிக்குப் போகாத குறையைப் பற்றிய ஆங்கில வாக்கியத்தை ‘காலேஜுக்குப் போகவில்லையே என்ற பொருமல் அவருக்கு இன்னும் தீரவில்லை, அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடும்’ என்று இரண்டாக உடைத்தால் ஒன்றும் குறையாது. ஒரே சொல்லில் அடக்கத்தான் வேண்டும் என்று ‘தாழ்வு மனப்பான்மை’ போட்டால் சண்டைக் குணம் விடுபட்டுப்போகும். அமெரிக்க விளையாட்டுச் செய்திக்கு ‘நிரூபித்துக் காட்டும் வெறியோடு’ அல்லது ‘ரோசத்தோடு ஆடுகிறார்’. இந்த ‘ரோசம்’ அங்கே அழகாகப் பொருந்தும்: காயமும் வேகமும் இரண்டும் அதில் உண்டு. ‘டேக் அம்ப்ரிஜ்’ஜுக்கு ‘முறுக்கிக்கொண்டார்’, ‘முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்’. முறையான நடையில் ‘மனத்தாங்கல் கொண்டார்’. ‘டேக் இட் த ராங் வே’ என்பதற்குத் ‘தப்பாக எடுத்துக்கொள்ளுதல்’ அப்படியே உட்காரும்.

ஒரு பொறி உண்டு. ‘நோஸ் அவுட் ஆஃப் ஜாயின்ட்’ என்பதைப் பார்த்ததும் ‘மூக்குடைபட்டார்’ என்று கை ஓடும். தமிழில் மூக்குடைபடுவது நாலு பேர் முன்னால் அவமானப்படுவது. ஆங்கிலத்திலோ, தனக்கு வரவேண்டிய கவனமோ மதிப்போ இன்னொருவருக்குப் போய்விட்டதே என்று மனம் கோணுவது. புதிதாக வந்தவரை மேலாளர் புகழும்போது பழைய ஆள் புழுங்குகிறாரே, அது. இரண்டிலும் மூக்கு இருப்பது தற்செயல்.

எழுதி முடித்த வாக்கியம் இயல்பாக இருக்கிறதா என்று பார்க்க, கோக்கா எனப்படும் அமெரிக்க ஆங்கிலத் தரவகம் இருக்கிறது. 1990 முதல் 2019 வரையிலான எழுத்தும் பேச்சும் கொண்டது, நூறு கோடிச் சொற்களுக்கு மேல். கணக்குத் தொடங்கினால் இலவசமாகவே தேடலாம். ஒரு நாளில் இத்தனை தேடல்தான் என்ற வரம்பு உண்டு. ‘சிப் ஆன்’ என்று தட்டி, ஒரு இடம் விட்டு நட்சத்திரக் குறி, மறுபடி இடம் விட்டு ‘ஷோல்டர்’ என்று போட்டால் ஹிஸ், ஹெர், மை, தேர் எல்லாம் எண்ணிக்கை வாரியாக வரிசைகட்டும். ஒவ்வொன்றையும் சொடுக்கினால் முழு வாக்கியம் தெரியும். வினை என்ன, பின்னால் ‘எபவுட்’ வருகிறதா, பேச்சு விளையாட்டைப் பற்றியதா மனிதக் கசப்பைப் பற்றியதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். முடிவு வரிசையில் ஐம்பது வாக்கியங்களைப் படித்தாலே அகராதிகள் சொல்லாமல் விட்ட சாயல்கள் பிடிபட்டுவிடும். வாய்ப்பேச்சில் எப்படி வருகிறது என்று கேட்க யூகிளிஷ் தளம்: தொடரைத் தட்டினால் யூடியூப் காணொளிகளில் அது பேசப்படும் நொடிக்கே கொண்டுபோகும், அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பு என்று வடிகட்டவும் முடியும். பிரிட்டிஷ் வடிகட்டியைப் போட்டு ஒருமுறை, அமெரிக்க வடிகட்டியைப் போட்டு ஒருமுறை கேளுங்கள். பேசுகிறவரின் முகத்தையும் குரலையும் சேர்த்துப் பார்க்கும்போது, எங்கே குத்தலாகச் சொல்கிறார்கள், எங்கே மெச்சிச் சொல்கிறார்கள் என்பது தனியே விளக்கம் இல்லாமலே தெரிந்துவிடும்.